எஃப்பிஜிஏ சூப்பர் கம்ப்யூட்டர்: வேக எண்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1999ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஸ்டார் பிரிட்ஜ் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனம், எஃப்பிஜிஏ (FPGA) என்ற, உள்ளிருக்கும் சுற்றை வேண்டியபடி மாற்றி எழுதக்கூடிய சிப்புகளைக் கொண்டு தான் கட்டிய ‘ஹைப்பர் கம்ப்யூட்டர்’ நொடிக்கு 12 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைப் போடும் என்று சொன்னது. அன்றைக்கு உலகின் அதிவேகக் கணினிகளில் ஒன்று, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காக ஐபிஎம் கட்டிக்கொடுத்த புளூ பசிபிக். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிராசசர்களைச் சேர்த்துக் கட்டிய அந்த இயந்திரத்தின் உச்ச வேகமே நொடிக்கு 3.9 லட்சம் கோடிதான். அதை ஒரு சின்னக் கம்பெனி தனது பெட்டியால் மிஞ்சிவிட்டது என்றால் யாருக்குத்தான் ஆச்சரியம் வராது? பத்திரிகைகள் எழுதின. ஆயிரம் டாலருக்கு மேசை மேல் வைக்கும் ஹைப்பர் கம்ப்யூட்டர் சீக்கிரமே வரும் என்ற பேச்சும் அச்சில் வந்தது.

அந்த ஆயிரம் டாலர் பெட்டி கடைக்கு வரவே இல்லை. ஆனால் அதே மாதிரியான அறிவிப்பு இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது. சிப்பின் பெயர் மாறும், மடங்கு மாறும், சொல்லும் விதம் மட்டும் மாறாது. எனக்குப் பிழைப்பே இந்த வகை சிப்புகளோடுதான். எனக்குப் பிடித்த தொழில்நுட்பம் இது. அதனாலேயே, இதைப் பற்றிய மிகை எண்களை நம்பி ஒரு கல்லூரி லேபோ ஒரு சிறு நிறுவனமோ பணத்தைப் போட்டுவிட்டு, கடைசியில் “எஃப்பிஜிஏ-வே வேஸ்ட்” என்று ஒதுக்கிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த எண்களை எப்படிப் படிக்கக்கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளின் வரிசை அப்படியே இருக்கும், கோட்டை இழுக்கிற விதத்தில் கோலம் மாறும். எஃப்பிஜிஏ சிப்பிலும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு லாஜிக் கட்டங்கள் புள்ளி வைத்த மாதிரி வரிசையாக நிற்கும். எந்தக் கட்டம் என்ன செய்ய வேண்டும், எது எதோடு இணைய வேண்டும் என்பதை ஒரு ஃபைல் மூலம் சிப்புக்குள் இறக்கினால், அந்த சிப் அன்றைக்கு அந்தச் சுற்றாகவே ஆகிவிடும். மறுநாள் வேறு ஃபைல், வேறு சுற்று. வேலைக்கு ஏற்றபடி வன்பொருளே மாறிக்கொள்ளும் கணினி என்ற யோசனையை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு எஸ்ட்ரின் 1960லேயே முன்வைத்தார். கையில் பிடிக்கும் சிப்பாக அது வந்தது 1985இல். ராஸ் ஃப்ரீமன் சேர்ந்து தொடங்கிய சைலின்க்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்சி2064 என்ற அந்த முதல் சிப்பில் மொத்தம் 64 கட்டங்கள்தான்.

சாதாரண பிராசசர் ஒரு கட்டளையை எடுத்து, புரிந்துகொண்டு, செய்து முடித்து, அடுத்ததற்குப் போகும். எஃப்பிஜிஏ-வில் கட்டளை என்பதே கிடையாது. தரவு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் விடையாக வெளியே வரும், நடுவில் நூற்றுக்கணக்கான வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். உண்மையான பலம் அதுதான், மிகை எண்கள் பிறப்பதும் அங்கேதான்.

எல்லாக் கணக்கையும் ஒரே கணக்காக எண்ணுவது

இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. ‘நொடிக்கு இத்தனை லட்சம் கோடி ஆபரேஷன்’ என்று படித்தவுடன் கேட்க வேண்டியது, எந்த ஆபரேஷன், எத்தனை பிட்?

1999இல் கிடைத்த பெரிய எஃப்பிஜிஏ-க்களில் ஒன்று சைலின்க்ஸ் எக்ஸ்சி4062. அதில் 48-க்கு 48 என்று 2,304 கட்டங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு பிட் கூட்டலைச் செய்யலாம். நான்கு பிட் எண்கள் இரண்டைக் கூட்ட இரண்டு கட்டம் போதும். நான்கு பிட் எண் என்றால் பூஜ்யம் முதல் 15 வரை, அவ்வளவுதான். ஆக, சிப் முழுவதையும் கூட்டல் சுற்றுகளால் நிரப்பினால் 1,152 கூட்டிகள். கிளாக், அதாவது சிப்பின் துடிப்பு, 40 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு நான்கு கோடி முறை) என்று வைத்துக்கொண்டால் ஒரு சிப் நொடிக்கு 4,608 கோடி கூட்டல் போடும். இப்படி 280 சிப்பை ஒரு பெட்டியில் அடுக்கினால்? 12.9 லட்சம் கோடி!

மேலே சொன்ன அறிவிப்பின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அந்த அறிவிப்பிலும் எண்ணப்பட்டவை முழு எண் கூட்டல்கள்தான். இது என் பேப்பர் கணக்கு. ஆனால், சூப்பர் கம்ப்யூட்டரையே மிஞ்சும் ஓர் எண்ணை, ஒரு உருப்படியான வேலையும் செய்யாமல் எவ்வளவு சுலபமாக எட்டிவிடலாம் என்பது இதில் தெரியும்.

எதிரே புளூ பசிபிக்கின் 3.9 லட்சம் கோடி எதை எண்ணியது? 64 பிட் மிதவைப் புள்ளி எண்களின் கூட்டலையும் பெருக்கலையும். தசமப் புள்ளி எங்கே வேண்டுமானாலும் நகரக்கூடிய, பதினைந்து இலக்கத் துல்லியம் கொண்ட எண்கள் அவை. வானிலைக் கணிப்பும் விமானச் சிறகைச் சுற்றிய காற்றோட்டமும் அணு வெடிப்பின் உருவகமும் இந்த எண்களில்தான் ஓடும். அப்படி ஒரு பெருக்கலில் எண்ணின் முக்கியப் பகுதி 53 பிட். 53-ஐ 53-ஆல் பெருக்க 2,809 ஒற்றைப் பிட் பெருக்கல்கள் தேவை, பிறகு அவை அத்தனையையும் கூட்ட வேண்டும், விடையைச் சரியான இடத்துக்கு நகர்த்த வேண்டும், வட்டமாக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடும் இப்படிப்பட்ட ஒரே ஒரு பெருக்கியைப் பதித்தாலே அந்த எக்ஸ்சி4062 சிப்பின் பெரும்பகுதி நிரம்பிவிடும். 1,152 கூட்டி இருந்த இடத்தில் ஒரு பெருக்கி. இரண்டையும் ‘ஆபரேஷன்’ என்ற ஒரே சொல்லால் எண்ணுவது, வாழைப்பழத்தையும் வாழைத்தாரையும் உருப்படிக் கணக்கில் சேர்த்து எண்ணுவது மாதிரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 1,152 கூட்டிகளுக்கும் ஒவ்வொரு கிளாக்குக்கும் எட்டு பிட் வீதம் தரவு ஊட்ட வேண்டும், அதாவது 9,216 பிட். அந்த சிப்புக்கு வெளியுலகத்தோடு பேச இருந்த பின்கள் அதிகபட்சம் 384. உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த 384 வழியாகத்தான். ஆக, வெளியிலிருந்து வரும் தரவை அந்த வேகத்தில் கூட்டுவது இயலாத காரியம். உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் எண்களைக் கூட்டினால்தான் அந்த வேகம் கிடைக்கும். ‘உச்ச வேகம்’ என்று போடும் எந்த எண்ணையும் இப்படி வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று ஒரு தடவை வகுத்துப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சூப்பர் கம்ப்யூட்டர்களை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் 1993 முதல் வெளியாகிறது. லின்பேக் என்ற சோதனையில், 64 பிட் எண்களைக் கொண்ட மிகப் பெரிய சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்த்துக் காட்ட வேண்டும். அந்தச் சோதனைக்கும் குறைகள் உண்டுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். எஃப்பிஜிஏ-வை நம்பிக் கட்டிய எந்த இயந்திரமும் அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததில்லை.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஸ்டார் பிரிட்ஜின் பெட்டி வெறும் காகிதத்தில் இருந்தது அல்ல. நாசாவின் லாங்லி ஆய்வகம் அவர்களுடைய ஹால்-15 இயந்திரத்தை வாங்கிச் சோதித்தது. அங்கிருந்த ஆய்வாளர்கள் பொறியியல் கணக்குகளை அதில் ஏற்றிப் பார்த்தார்கள். இயந்திரம் உண்மை, சிப்புகள் உண்மை. அதன் வேகத்தை இன்னொரு இயந்திரத்தின் வேகத்தோடு எந்த அளவுகோலில் வைத்துப் பேசினார்கள் என்பதில்தான் கோளாறு.

எதிரில் நிற்பது யார் என்று பார்க்காமல் மடங்கை நம்புவது

இதில் நானே மாட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, துணியில் நெசவுக் குறைகளைக் கேமரா மூலம் கண்டுபிடிக்கும் ஒரு வேலையில் இருந்தோம். ஒவ்வொரு படத்தையும் வடிகட்டி, கறையா, நூல் அறுந்ததா என்று பிரிக்க வேண்டும். எஃப்பிஜிஏ-வில் எழுதி முடித்து, கணினியில் இருந்த பழைய புரோகிராமோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல் வேகம். டீமே கொண்டாடியது. படம் போட்டு, கலர் கலராகப் பட்டை வரைந்து, ஸ்லைடும் தயார்.

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வந்த ஒரு சீனியர் பொறியாளர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, அந்தப் பழைய புரோகிராமை கம்பைல் பண்ணும்போது ஆப்டிமைசேஷன் போட்டீங்களா?” போடவில்லை. பிழை தேடுவதற்காக (டீபக்) வைத்திருந்த, வேகமாக்காத பதிப்பையே ஓட்டியிருந்தோம். அதுவும் எட்டு கோர் உள்ள பிராசசரில் ஒரே ஒரு கோரில். அன்று மாலையே உட்கார்ந்து, கம்பைலரே புரோகிராமை வேகமாக்கிக் கொடுக்கும் அந்த ஆப்டிமைசேஷனைப் போட்டு, எட்டு கோருக்கும் வேலையைப் பிரித்து, பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் பிராசசரின் வெக்டர் கட்டளைகளையும் பயன்படுத்தி ஓட்டினோம். நூறு மடங்கு நான்கு மடங்காகச் சுருங்கியது. எஃப்பிஜிஏ பக்கம் ஒரு வரிகூட மாறவில்லை, எதிராளியை எழுந்து நிற்க விட்டோம், அவ்வளவுதான்.

நாங்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆறு மாதம் நம் டிசைனை நகாசு வேலை செய்துவிட்டு, எதிராளிக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்காமல் ஒப்பிட்டால் இப்படித்தான் வரும். நல்ல மனசோடு செய்யும் தவறு என்பதாலேயே இது எங்கும் பரவியிருக்கிறது. நாசா ஏம்ஸ் மையத்தில் இருந்த டேவிட் பெய்லி 1991லேயே, இணைக் கணினிகளின் வேகத்தைச் சொல்லி மக்களை ஏமாற்றும் பன்னிரண்டு வழிகள் என்று பட்டியல் போட்டு எழுதினார். 32 பிட்டில் ஓட்டிவிட்டு எதிராளியின் 64 பிட்டோடு ஒப்பிடுவதும், பழைய இயந்திரத்தில் ஓடும் மோசமான புரோகிராமோடு ஒப்பிடுவதும் அதில் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு உலகத்திலும் இதே கதைதான். பிராசசரைவிட நூறு மடங்கு, முந்நூறு மடங்கு என்று கட்டுரைகள் வந்துகொண்டிருந்த சமயத்தில், 2010இல் இன்டெல் ஆய்வாளர்கள் இரண்டு பக்கத்தையும் ஒழுங்காக எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகளில் சராசரி வித்தியாசம் இரண்டரை மடங்குதான். இன்டெல் பிராசசர் விற்கிற கம்பெனி என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் அவர்கள் பயன்படுத்திய முறை சரியானது.

ஆகவே ‘இத்தனை மடங்கு’ என்று கண்ணில் பட்டால், எதைவிட என்பதற்கான பதில் அதே பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த வருடத்து பிராசசர், எத்தனை கோர், எந்தக் கம்பைலர். இருபது கோர் உள்ள பிராசசரை ஒரு கோரில் ஓட்டியிருந்தால், சொன்ன மடங்கை மனதுக்குள் பதினைந்தால் வகுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிப்பின் வேகத்தை வேலையின் வேகம் என்று எடுத்துக்கொள்வது

தறி வேகமாக ஓடினாலும் நூல் வந்து சேர வேண்டுமே. எஃப்பிஜிஏ பெரும்பாலும் ஒரு கார்டாகக் கணினியில் செருகியிருக்கும். தரவு ஹார்டு டிஸ்க்கிலிருந்து கணினியின் மெமரிக்கு, அங்கிருந்து கார்டின் மெமரிக்கு, அங்கிருந்து சிப்புக்கு வர வேண்டும். விடை அதே வழியில் திரும்ப வேண்டும். அறிவிப்பில் இருப்பது கடைசிப் படியின் வேகம் மட்டுமாக இருக்கும்.

எண்ணாகப் பார்க்கலாம். சைலின்க்ஸின் அல்வியோ யு250 என்ற பெரிய எஃப்பிஜிஏ கார்டில் மெமரியிலிருந்து நொடிக்கு 77 ஜிகாபைட் தரவு எடுக்க முடியும். அதே காலத்து என்விடியா வி100 கிராஃபிக்ஸ் கார்டில் 900 ஜிகாபைட். பெரிய அணிகளையும் பரந்த தரவையும் புரட்டும் அறிவியல் கணக்குகளில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் மெமரிதான், கூட்டலும் பெருக்கலும் அல்ல. அங்கே எஃப்பிஜிஏ-வுக்குள் எவ்வளவு அழகான சுற்று எழுதினாலும் அது தரவுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வந்த யு280 கார்டில் 460 ஜிகாபைட் வேகமுள்ள மெமரியைச் சேர்த்தார்கள், இடைவெளி குறைந்தது, மறையவில்லை.

இதோடு 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்ன கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு புரோகிராமின் நேரத்தில் 80 சதவீதம் எடுக்கும் பகுதியை எஃப்பிஜிஏ நூறு மடங்கு வேகமாக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 20 சதவீதம் பழைய வேகத்திலேயே ஓடும். முன்பு 100 நிமிடம் எடுத்த வேலை இப்போது 20 நிமிடம் 48 நொடி எடுக்கும். ஐந்து மடங்குகூட வரவில்லை. அறிவிப்பில் ‘100 மடங்கு’ என்றுதான் இருக்கும், அது பொய்யும் இல்லை.

எழுதும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

“சி மொழி தெரிந்தால் போதும்”, “கட்டங்களை இழுத்து இணைத்தால் போதும்” என்ற வாக்குறுதி இந்தத் துறையில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஸ்டார் பிரிட்ஜ் தன் இயந்திரத்துக்கென்றே விவா என்று ஒரு வரைபட மொழியைக் கொடுத்தது. இன்றைக்கு சி++ எழுதினால் சுற்றாக மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, அவை உண்மையிலேயே முன்னேறியிருக்கின்றன, நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். ஆனால் என் அனுபவத்தில் அதில் எழுதுபவர் மனதில் சுற்று ஓடவில்லை என்றால் கிடைப்பது பிராசசரைவிட மெதுவான ஒன்றுதான்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு பில்டு போடுவோம், அதாவது எழுதிய டிசைனை சிப்புக்கான ஃபைலாக மாற்ற விடுவோம். டூல் முதலில் கோடை லாஜிக்காக மாற்றும். பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்களில் எது எங்கே உட்கார வேண்டும், எந்த வயர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தேடித் தேடி அடுக்கும். பெரிய டிசைன் என்றால் இரவு முழுக்க ஓடும். காலையில் வந்து ரிப்போர்ட்டைத் திறந்தால் ஒரு சிவப்பு வரி: ஸ்லாக் (மிச்சமுள்ள நேரம்) மைனஸ் 0.2 நானோ நொடி. ஒரே ஒரு சிக்னல், சிப்பின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஒன்றுக்காகக் கிளாக்கைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாதையின் நடுவில் சிக்னலை ஒரு கிளாக் பிடித்து வைக்கும் ரிஜிஸ்டரைச் செருகி, அதனால் ஒரு கிளாக் தள்ளிப்போன மற்ற எல்லாவற்றையும் சரிக்கட்டி, மறுபடியும் சாயங்காலம் பில்டு போட வேண்டும். கணினி புரோகிராமர் ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை முயன்று பார்ப்பதை நாங்கள் பத்து நாளில் பார்ப்போம்.

புதிய பிராசசர் ஒன்று சந்தைக்கு வந்தால் பழைய புரோகிராம் அப்படியே அதில் வேகமாக ஓடிவிடும். எஃப்பிஜிஏ டிசைனை அடுத்த தலைமுறை சிப்புக்கு மாற்றுவது தனி வேலை. மூன்று பேர் ஒரு வருடம் உழைத்து ஐந்து மடங்கு வேகம் வாங்கினால், அந்த ஒரு வருடத்தில் எதிராளி எங்கே போயிருப்பார் என்றும் பார்க்க வேண்டும்.

‘நொடிக்கு ஆயிரம் முறை உருமாறும்’ என்பதை அப்படியே நம்புவது

சிப் தன் சுற்றையே நொடிக்கு ஆயிரம் முறை மாற்றிக்கொள்ளும் என்ற பேச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யு250 கார்டில் இருப்பது மாதிரியே இன்னொரு பெரிய சிப்பான வியு9பி-யை முழுவதுமாக மாற்றி எழுதும் ஃபைல் சுமார் 80 மெகாபைட். நொடிக்கு 400 மெகாபைட் வேகத்தில் உள்ளே இறக்கினால் 0.2 நொடி ஆகும். அப்படியென்றால் நொடிக்கு ஐந்து முறை மாற்றலாம், மாற்றுவதைத் தவிர வேறு வேலையே செய்யாமல் இருந்தால். சிப்பின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் மாற்றும் வசதி உண்டு, அதற்கு மில்லி நொடிகள் போதும். பயனுள்ள வசதிதான். ஆனால் பிராசசர் ஒரு மில்லி நொடியில் பல லட்சம் கட்டளைகளை முடித்துவிடும். நடைமுறையில் பெரும்பாலான எஃப்பிஜிஏ-க்கள் காலையில் ஏற்றிய ஃபைலோடேயே மாதக்கணக்கில் ஓடுகின்றன.

மின்சாரமும் விலையும் தானாகவே குறைந்துவிடும் என்று நினைப்பது

எப்படி வேண்டுமானாலும் மாறலாம் என்ற சுதந்திரத்துக்கு சிலிக்கானில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் இயன் குவோனும் ஜொனாதன் ரோஸும் 2006இல் அளந்து காட்டினார்கள். ஒரே சுற்றை அதற்கென்றே வார்த்த சிப்பில் செய்வதைவிட எஃப்பிஜிஏ-வின் லாஜிக் கட்டங்களில் செய்தால் சுமார் 40 மடங்கு இடம் பிடிக்கிறது, மூன்று மடங்குக்கு மேல் மெதுவாக ஓடுகிறது, சுமார் 12 மடங்கு மின்சாரம் குடிக்கிறது. பெருக்கிகளையும் மெமரியையும் சிப்பிலேயே தனியாக வார்த்து வைத்தால் இந்த இடைவெளி குறையும். இன்றைய சிப்புகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதன் விளைவை பிட்காயின் சுரங்கத்தில் கண்ணெதிரே பார்த்தோம். 2011, 2012இல் கிராஃபிக்ஸ் கார்டுகளை எஃப்பிஜிஏ-க்கள் மின்சாரக் கணக்கில் வென்றன. 2013இல் அந்த வேலைக்கென்றே வார்த்த சிப்புகள் வந்தவுடன் எஃப்பிஜிஏ காரர்கள் மூட்டை கட்டினார்கள். ஒரு வேலை மாறாமல், லட்சக்கணக்கில் தேவைப்பட்டால் தனி சிப்பு வார்ப்பதே லாபம்.

பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்பதையே சான்றாக எடுப்பது

2015இல் இன்டெல் 1,670 கோடி டாலருக்கு எஃப்பிஜிஏ தயாரிக்கும் ஆல்டெராவை வாங்கப்போவதாக அறிவித்தபோது, இனி ஒவ்வொரு சர்வரிலும் எஃப்பிஜிஏ இருக்கும் என்று நிறையப் பேர் எழுதினார்கள். 2022இல் ஏஎம்டி சைலின்க்ஸைச் சேர்த்துக்கொண்டபோது மறுபடியும் அதே பேச்சு. 2025இல் இன்டெல் ஆல்டெராவின் 51 சதவீதப் பங்கை விற்றது, அந்த ஒப்பந்தத்தில் மொத்த நிறுவனத்துக்கும் போட்ட மதிப்பு 875 கோடி டாலர். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குவதற்கு நூறு வியாபாரக் காரணம் இருக்கும். சிப்பின் வேகத்துக்கு அது சாட்சி ஆகாது.

ஏமாந்த கோபத்தில் எஃப்பிஜிஏ-வையே ஒதுக்கிவிடுவது

மேலே சொன்ன அத்தனையையும் படித்துவிட்டு இந்தத் தவறைச் செய்துவிடாதீர்கள். முதல் தவறுக்கு இணையான நஷ்டம் இதிலும் உண்டு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்டார் பிரிட்ஜுக்கு முன்பே அமெரிக்காவின் மேரிலாந்தில், சூப்பர் கம்ப்யூட்டிங் ரிசர்ச் சென்டரில் ஸ்பிளாஷ் என்ற ஒன்றைக் கட்டினார்கள். சன் வொர்க்ஸ்டேஷனில் செருகும் இரண்டு போர்டு, அதில் 32 சைலின்க்ஸ் சிப்பு. டிஎன்ஏ எழுத்து வரிசைகளை ஒப்பிடும் வேலையில் அது கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரைவிட 325 மடங்கு வேகம் என்று 1991இல் எழுதினார்கள். அந்த 325ஐ நான் நம்புகிறேன். காரணம், எந்த வேலை என்று தெளிவாகச் சொன்னார்கள், ‘சில வேலைகளில்’ என்ற எல்லையையும் சேர்த்தே சொன்னார்கள். டிஎன்ஏ-வில் இருப்பது நான்கே எழுத்து, ஓர் எழுத்துக்கு இரண்டு பிட் போதும். 64 பிட் மிதவைப் புள்ளிக்கென்று கட்டிய கிரே-2, அந்த இரண்டு பிட் வேலைக்குத் தன் பெரிய இயந்திரத்தையே ஓட்ட வேண்டியிருந்தது. சின்னச் சின்ன எண், ஒரே மாதிரியான வேலை, வரிசையாக வந்து போகும் தரவு: எஃப்பிஜிஏ-வுக்கு விருந்து போட்ட மாதிரி.

2006இல் ஜெர்மனியின் போஹம், கீல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கோபகோபானா என்ற இயந்திரத்தைக் கட்டின. மலிவான 120 எஃப்பிஜிஏ, செலவு ஏறக்குறைய பத்தாயிரம் டாலர். டெஸ் என்ற பழைய மறையீட்டு முறையின் 56 பிட் சாவியைச் சராசரியாக ஒன்பது நாளுக்குள் தேடிக் கண்டுபிடித்தது. 1998இல் இதே வேலைக்காக எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் தனி சிப்பு வார்த்து இரண்டரை லட்சம் டாலர் செலவு செய்ய வேண்டியிருந்தது. கோபகோபானாவைக் கட்டியவர்கள் அதைப் பொதுவான சூப்பர் கம்ப்யூட்டர் என்று சொல்லவில்லை. சாவி தேடும் இயந்திரம் என்றார்கள், சாவி தேடிக் காட்டினார்கள்.

எண்ணைச் சொல்லும் நேர்மைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் மைக்ரோசாஃப்டின் கேட்டபல்ட். 2014இல் வெளியிட்டார்கள். பிங் தேடலின் வரிசைப்படுத்தும் வேலையை 1,632 சர்வர்களில், சர்வருக்கு ஒரு எஃப்பிஜிஏ வீதம் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அல்ல, டேட்டா சென்டரில். கிடைத்த லாபம் என்ன தெரியுமா? பதில் வரும் நேரம் மாறாமல் ஒவ்வொரு சர்வரும் 95 சதவீதம் கூடுதல் வேலை. இரண்டு மடங்குகூட இல்லை! ஆனால் அது முழு வேலையின் வேகம், மெமரி, நெட்வொர்க் எல்லாம் சேர்ந்தது. கூடுதல் மின்சாரம் 10 சதவீதத்துக்குள், கூடுதல் செலவு 30 சதவீதத்துக்குள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். தேடல் வரிசைப்படுத்தும் முறை அடிக்கடி மாறும் என்பதால் தனி சிப்பு வார்க்க முடியாது, அதனால் எஃப்பிஜிஏ என்று காரணமும் சொன்னார்கள். ஆயிரம் மடங்கு என்ற பேச்சு பத்திரிகைக்குப் போனது, இந்த 95 சதவீதம் பொருளாகி நின்றது.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது டிஷ் ஆண்டெனாக்கள். அவற்றை மேம்படுத்தியபோது, ஆண்டெனாக்களிலிருந்து இடைவிடாமல் கொட்டும் சிக்னலை எண்ணாக மாற்றிப் பொட்டலம் கட்டி அனுப்பும் வேலையை எஃப்பிஜிஏ போர்டுகளிடம் கொடுத்தார்கள். அந்த முப்பதையும் ஒன்றோடு ஒன்று பெருக்கிச் சேர்க்கும் கனமான மிதவைப் புள்ளிக் கணக்கை கிராஃபிக்ஸ் கார்டுகளிடம் கொடுத்தார்கள். ஒரு நானோ நொடிகூடப் பிசகாமல் தொடர்ந்து ஓட வேண்டிய வேலை ஒருவருக்கு, மொத்தமாக வாரிப் போட்டு அரைக்கும் வேலை இன்னொருவருக்கு.

எங்கள் துணிக் கேமரா வேலையும் அப்படித்தான் முடிந்தது. நூறு மடங்கு ஸ்லைடை எடுத்துவிட்டு நான்கு மடங்கு என்று போட்டோம். அந்த சீனியர் அடுத்து கேட்டார், “ஒரு படத்துக்குப் பதில் வர எவ்வளவு நேரம்? எப்பவும் அதே நேரமா?” கணினியில் சில படங்கள் சட்டென்று முடியும், சில நேரம் வேறு ஏதோ புரோகிராம் குறுக்கே வந்து தாமதமாகும். எஃப்பிஜிஏ-வில் முதல் படத்துக்கு எடுத்த அதே நேரம்தான் பத்து லட்சமாவது படத்துக்கும். துணி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தறிக்கு அதுதான் தேவை. நாங்கள் ஸ்லைடில் போடவே மறந்திருந்த எண் அது. அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தார்கள்.